சாப்பிடுகிற கை

குரூப் ஃபோர் தேர்வுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம் மூன்று மணி வாக்கில், என் தப்பு எனக்குத் தெரியவந்தது. தெரியவந்தது என்று சொல்வதுகூட எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் சலுகைதான். மூன்று வாரமாக அது என் போனிலேயே கிடந்தது. நான்தான் திறந்து கேட்கவில்லை.

சாக்கோட்டைப் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். படித்தது பி.காம். நானும் அந்தத் தேர்வை மூன்று தடவை எழுதித்தான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்கோபம் ஜாஸ்தி. யாராவது திருத்தினால் மூக்கு வியர்த்துவிடும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்குப் பலகாரம் சொல்லிவைக்கச் செக்காலையில் ஒரு சந்துக்குள் போயிருந்தேன். ஓர் ஆச்சி தன் வீட்டுப் பின்கட்டில் ஐந்தாறு பெண்களை வைத்து மணகோலமும் சீப்புச் சீடையும் தேன்குழலும் போட்டு விற்கிறார். அங்கே முப்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெண், எண்ணெய் டின்னின் மேல் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைச் சாய்த்துவைத்து, சீடை உருட்டியபடியே படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் புரட்ட முழங்கையைப் பயன்படுத்தினாள். புத்தகம் முழுக்க எண்ணெய்க் கறை.

எதற்குப் படிக்கிறாய் என்று கேட்டேன். அதே தேர்வு. எனக்கு அவளோடு மனசு ஒட்டிக்கொண்டது.

"எப்பம்மா படிப்ப? இப்படி முழங்கையாலயா?"

"கை ரெண்டும் மாவுல இருக்குக்கா. கண்ணு எண்ணெய்ச் சட்டில இருக்கு. காது ஒன்னுதான் சும்மா இருக்கு" என்றாள்.

அந்த ஒரு பேச்சில்தான் எல்லாம் ஆரம்பமானது. சும்மா இருக்கும் காதுக்காக நான் பாடம் பேசிப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். விடிகாலையில் பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே போனைச் செருகிவைத்து, தலையை உள்ளே நீட்டிப் பேசுவேன். அப்போதுதான் எதிரொலி இருக்காது. ஒரு பாடம் எட்டு நிமிடம், பத்து நிமிடம். சிலவற்றில் என் குக்கர் விசிலும் கேட்கும். அலுவலகத்தில் ஒரு தோழி அதைப் பாட்காஸ்ட்டாக இணையத்தில் ஏற்றக் கற்றுக்கொடுத்தாள். வாட்ஸ்அப்பில் குழு ஒன்று ஆரம்பித்தேன். பஸ்ஸில் போகிறவர்கள், மில்லில் நிற்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள் என்று முகம் தெரியாத ஆட்கள் எல்லாம் சேர்ந்தார்கள். "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

ஆனால் யாருக்காக ஆரம்பித்தேனோ, அவள் அந்தக் குழுவில் இல்லை. அவளிடம் பட்டன் போன்தான். வீட்டிலிருந்த ஒரே டச் போன் கணவரோடு திருப்பூரில் இருந்தது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவள் போனிலிருக்கும் நகம் அளவு மெமரி கார்டை வாங்கி வந்து, என் மடிக்கணினியில் போட்டு, புதுப் பாடங்களை ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அடுப்படியில் ஓர் ஆணியில் அந்த போனைத் தொங்கவிட்டுக் கேட்பாள். மற்றப் பெண்களும் கேட்பார்கள். தேர்வு எழுதப்போகிறவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் பாடம் ஓடும்போது யாரும் பேசக்கூடாது என்று ஆச்சியே உத்தரவு போட்டிருந்தார்.

அவளுக்கு அந்தத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். கணவர் பனியன் கம்பெனியில் இருக்கிறார். குடும்பத்தோடு அங்கேயே வந்துவிடு என்று வருடக்கணக்காக நச்சரிக்கிறார். மகள் இங்கே ஒன்பதாவது படிக்கிறாள். இவளுக்கு ஊரை விட மனமில்லை. கடைசியில் ஒரு பேச்சு முடிவானது. "இந்தப் பரிச்சை ஒன்னு எழுதிக்கிறேன். கெடச்சா இங்குட்டே இருக்கோம். இல்லன்னா மூட்டையக் கட்டிருவோம்னு சொல்லிட்டேன்க்கா" என்று ஒருநாள் மாவுக் கையோடு சொன்னாள். ஒரே ஒரு தேர்வு. அவள் அதில் தன் வீட்டையே வைத்திருந்தாள்.

இப்போது தப்புக்கு வருகிறேன்.

காதால் கேட்டுப் படிக்கிறவர்களுக்குப் படம் காட்ட முடியாது. அதனால் எதையும் உடம்போடு, வேலையோடு முடிச்சுப் போட்டுச் சொல்வது என் வழக்கம். அது நன்றாக எடுபட்டது. இருதயப் பாடத்தை எடுத்தபோது புத்தகத்தைப் பீரோக் கதவில் சாய்த்துவைத்து, படத்தைப் பார்த்தபடி பேசினேன். படத்தில் இடது பக்கம் நீலம், வலது பக்கம் சிவப்பு. எனக்குச் சட்டென்று ஓர் உத்தி தோன்றியது. உடம்பெல்லாம் பூரித்தது. இப்படிச் சொன்னேன்:

"ரெண்டு கையையும் நெஞ்சில வைங்க. சாப்பிடுற கை எது? வலது. அது சுத்தமான கை. அந்தப் பக்கம் நல்ல ரத்தம். இடது கை எதுக்குன்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கம் கெட்ட ரத்தம். ஆயுசுக்கும் மறக்காது பாருங்க."

ஆயுசுக்கும் மறக்காதுதான். ஆனால் அது தலைகீழ். படத்திலிருக்கும் இருதயம் நமக்கு எதிரே நிற்கிற ஆளுடையது. எதிரே நிற்கிறவரின் வலது கை நம் இடது பக்கம்தானே இருக்கும்? கெட்ட ரத்தம் வந்து சேர்வது இருதயத்தின் வலது பக்கம். நல்ல ரத்தம் இடது பக்கம். படத்திலேயே 'வலது', 'இடது' என்று சரியாக எழுதியும் இருக்கிறது. நான் நிறத்தைப் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை. உத்தி கிடைத்த குஷியில் புத்தகத்தை மூடிவிட்டேன். அதிலும் பீச்சாங்கை, சாப்பிடுகிற கை என்று நம் பிள்ளைகள் பேசப் பழகும்போதே பழக்கிவிடுகிற விஷயத்தோடு அதைக் கட்டிப்போட்டுவிட்டேன். சும்மா சொல்லியிருந்தாலாவது மறந்து தொலைத்திருப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனிதர். அவரும் தேர்வுக்குப் படிக்கிறவர். முன்பே இரண்டு மூன்று தடவை எனக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார்: வேகமாகப் பேசுகிறீர்கள், குக்கர் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது. எரிச்சலில் அவர் எண்ணை 'நொட்டை' என்ற பெயரில் சேமித்துவைத்திருந்தேன். இருதயப் பாடத்தை நான் ஏற்றிய அந்த வாரமே அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. பேரைப் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை, குழுவுக்கு வாழ்த்துச் சொல்லும் முன் பழைய செய்திகளைச் சுத்தம் செய்யலாமென்று உட்கார்ந்தேன். அவருடையதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன். "மேடம், இருதயத்துல பக்கம் மாத்திச் சொல்லிட்டீங்க. எல்லாரும் நெஞ்சுல கை வச்சுப் படிச்சுக்கிட்டு இருக்காங்க. சீக்கிரம் மாத்துங்க" என்றார். மறுபடி நிதானமான வேகத்தில் கேட்டேன். புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

பத்து நிமிடத்தில் பழைய பாடத்தை இணையத்திலிருந்து நீக்கினேன். திருத்தத்தைப் பேசிக் குழுவில் போட்டேன். ஒவ்வொருவராகக் கும்பிடுகிற கைப் படம் போட்டார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்த நொட்டை என்னும் நல்ல மனிதரும் "நன்றி மேடம்" என்று போட்டார். இணையத்திலிருப்பதை எடுத்துவிடலாம். என் கையாலேயே மெமரி கார்டில் ஏற்றி, என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்ததை என்ன செய்வது?

அவளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அதே குரல். அப்போதுதான் கடைசிப் பாடத்தில் நானே சொன்னது நினைவுக்கு வந்தது: "பரீட்சைக்கு முந்தின நாள் போனை அணைச்சு வச்சிடுங்க. கடைசி நேரத்தில யார் என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க." நான் சொன்னதை அவள் அப்படியே செய்திருந்தாள்.

ஆட்டோ பிடித்துச் செக்காலைக்கு ஓடினேன். அடுப்புகள் அணைந்திருந்தன. ஆச்சி மட்டும் டப்பாக்களை மூடி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, இப்பிடி மூச்சு வாங்க வாரீக? அவ காலையிலயே கெளம்பிட்டாளே. திருக்கோஷ்டியூர்ல வெளக்கு வேண்டிக்கிட்டு, அப்படியே அவுக அம்மா வீட்டுல தங்கிட்டு, நாளைக்கு நேரா பரிச்சைக்கு வந்துருவேன்னா."

"அம்மா வீடு எந்த ஊரு ஆச்சி?"

"அங்குட்டுத்தான் ஏதோ ஒரு பட்டி. எனக்கு என்ன தெரியும்? என்ன விசயம்?"

சொன்னேன். ஆச்சி கையிலிருந்த டப்பாவை வைத்துவிட்டு, தன் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப சாப்புடுற கைப் பக்கம் நல்ல ரத்தம் இல்லையா?"

"இல்ல ஆச்சி."

"எனக்கே மனப்பாடமாயிருச்சே" என்றார்.

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. பாடமே தேவையில்லாத எழுபது வயது மனுஷிக்குக்கூடப் பதிந்திருக்கிறது.

காலையில் போனவள் சாயங்காலம் வரை கோயிலில் உட்கார்ந்திருக்க மாட்டாள் என்று தெரிந்தும் பஸ் ஏறினேன். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. திருப்பத்தூரில் இறங்கி, சிவகங்கை பஸ்ஸில் தொற்றி, திருக்கோஷ்டியூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. வேண்டிக்கொண்டவர்கள் வைத்த விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு அம்மாள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். ரகசியமாக வைத்திருக்கச் சொன்ன மந்திரத்தை, நான் நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை, ஊருக்கே கேட்கட்டும் என்று ஆசாரியர் மேலே ஏறி நின்று கூவிய கோயில் அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் கூவியது சரியான மந்திரம். நான் பீரோவுக்குள் தலையை விட்டுக் கூவியது தப்பான பாடம். நரகம் மட்டும் பொதுவாக இருக்கும் போல.

சன்னதியில் நின்று ஒன்றே ஒன்று கேட்டேன். பெருமாளே, நாளைக்கு இருதயத்தில் கேள்வி வரக்கூடாது. வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கே தேர்வு நடக்கும் பள்ளியின் வாசலில் போய் நின்றேன். எந்தப் பள்ளி என்பது நல்லவேளையாகத் தெரியும். அவளுடைய ஹால் டிக்கெட்டை நான்தான் அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். ஒன்பது மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். அதன் பிறகு ஒரு நொடி தாமதமானாலும் விடமாட்டார்கள். கூட்டம் வந்துகொண்டே இருந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி, தாலியை மஞ்சள் கயிற்றில் புதிதாகக் கட்டியிருந்த ஒருத்தி, தலை நரைத்த ஓர் ஆள். எட்டு மணி. எட்டேகால். எட்டரை. அவளைக் காணோம். தப்பைச் சொல்ல முடியாது போய்விடுமோ என்று தவித்தவள், அவள் தேர்வுக்கே வரமுடியாமல் போய்விடுமோ என்று தவிக்க ஆரம்பித்தேன். போன் இன்னும் அணைந்தே இருந்தது.

எட்டு நாற்பதுக்கு ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்தாள். தலையில் துளசி, நெற்றியில் திருமண். கையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஹால் டிக்கெட், இரண்டு கறுப்புப் பேனா, தண்ணீர் பாட்டில். கக்கத்தில் அதே எண்ணெய்க் கறைப் புத்தகம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா! என்னைய வழியனுப்பவா வந்தீக? பஸ்ஸுல ஒரே கூட்டம்க்கா. பயந்தே போயிட்டேன். ஒங்களப் பாத்ததுந்தான் உசுரு வந்துச்சு."

நான் பேச வாயெடுக்கும் முன் புத்தகத்தை நீட்டினாள். "இத வச்சுக்கிறீகளாக்கா? உள்ள விடமாட்டாக."

வாங்கி, இருதயப் பக்கத்தைத் தேடிப் புரட்டினேன். படத்தைக் காட்டிச் சொல்லிவிட்டால் ஒரு நிமிட வேலை என்று நினைத்தேன். பக்கம் திறந்தது. படத்தில் 'வலது' என்று அச்சாகியிருந்த இடத்திலெல்லாம் பேனாவால் அடித்து, மேலே 'இடது' என்று எழுதியிருந்தது. 'இடது' இருந்த இடத்தில் 'வலது'. கீழே பத்தியிலும் ஒன்று விடாமல் அதேபோல். ஸ்கேல் வைத்து அடித்திருந்தாள்.

"அதப் பாத்தீகளா?" என்று எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "புத்தகத்துலயே தப்பாப் போட்டிருக்காகக்கா. படத்துல இடது பக்கம் இருக்கிறதுக்கு வலதுன்னு எழுதியிருக்காக. நீங்க சொன்னதக் கேட்டதுனால கண்டுபிடிச்சேன். எல்லாத்தையும் திருத்திட்டேன்."

மனசுக்குள் ஒரு குரல் சொன்னது: சொல்லாதே. இருநூறு கேள்வியில் இது ஒன்று, அதுவும் வராமலே போகலாம். கோயிலில்கூட கேட்டுவிட்டு வந்தாயே. இந்த நேரத்தில் அவளைக் குழப்பினால் மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் போய்விடும். கடைசி நேரத்தில் யார் சொன்னாலும் காதில் வாங்காதே என்று சொன்னவள் நீதானே? அந்தக் குரல் என் பாடக் குரல் மாதிரியே நிதானமாக, தெளிவாக இருந்தது. அதனாலேயே எனக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை.

"புத்தகம் சரிம்மா" என்றேன். "நான்தான் தப்பு."

அவளுக்குப் புரியவில்லை. நான் அவளுக்கு எதிரே நின்று என் வலது கையை என் நெஞ்சின் வலது பக்கம் வைத்தேன். "என் வலது கை உனக்கு எந்தப் பக்கம் தெரியுது? படம் அப்படி நிக்குது. நான் அதப் பாக்காமச் சொல்லிட்டேன். வலது பக்கம் கெட்ட ரத்தம். இடதுதான் நல்லது. சாப்பிடுற கையெல்லாம் மறந்துரு."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னை. அந்த முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"வேற எதெல்லாம் தப்புக்கா?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை.

"எனக்குத் தெரிஞ்சு இது ஒன்னுதான்."

"இதுவும் நேத்துவரைக்கும் ஒங்களுக்குத் தெரியாதுல்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். மூன்று வாரமாக என் போனில் கிடந்தது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. வாசலில் போலீஸ்காரர் "வாங்க வாங்க, டைம் ஆச்சு" என்று குரல் கொடுத்தார். அவள் திரும்பி நடந்தாள். உள்ளே போகும்போது வலது கையை ஒருமுறை நெஞ்சில் வைத்து எடுத்ததைப் பார்த்தேன். ஒன்பது மணிக்குக் கதவை அடைத்தார்கள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். என் பழைய பாடங்களைக் காதில் ஓடவிட்டு வரி வரியாக ஒப்பிட்டேன். வேறு என்ன தப்பு என்று கேட்டாளே, அவள் வெளியே வருவதற்குள் பதில் வேண்டும். கடைக்காரர் மூன்று டீ கொடுத்தார். இரண்டு ஆறிப்போனது.

படிக்கப் படிக்க எனக்கு இன்னொன்று தெரிந்தது. நான் பேசிய ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஒரு சின்ன டிக் போட்டிருந்தாள். கேட்டுவிட்டு, மாவுக் கையைக் கழுவிவிட்டு, புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்திருக்கிறாள். எல்லாப் பக்கத்திலும். நானும் புத்தகமும் வேறு வேறாகச் சொன்னது ஒரே ஓர் இடத்தில்தான். அங்கே அவள் புத்தகத்தை நம்பவில்லை, என்னை நம்பினாள். பன்னிரண்டு மணிக்கு முன்பே முடித்துவிட்டேன். அறிவியல் புத்தகத்தில் வேறு தப்பே இல்லை. அரசியல் பாடங்களை அலுவலகத் தோழியிடம் போனில் ஒப்பித்துச் சரிபார்த்தேன். அதிலும் இல்லை. நல்ல செய்தி. அதைச் சொல்லத்தான் கதவு திறக்கக் காத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்குப் பிறகு வெளியே வந்தாள். களைத்திருந்தாள். ஆனால் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

"இருதயம் வரவே இல்லக்கா."

பெருமாள் நான் கேட்டதைக் கொடுத்துவிட்டார். எனக்கு உடம்பு லேசானது. "வேற தப்பே இல்லம்மா, எல்லாத்தையும் பாத்துட்டேன், அது ஒன்னுதான்" என்று படபடவென்று சொன்னேன்.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நாடாளுமன்றக் கூட்டு அமர்வுக்கு யாரு தலைமைன்னு கேட்டிருந்தாக. ஒங்க கொரலு சபாநாயகர்னு சொல்லுச்சு. கூட்டுக் குடும்பத்துல அதட்டுறது அவருதான்னு சொல்லிருந்தீகள்ல? இதுவும் அந்தச் சாப்புடுற கை மாதிரிதான இருக்குன்னு தோணுச்சு. துணைக் குடியரசுத் தலைவர்னு போட்டுட்டேன்."

அவளே தொடர்ந்தாள்.

"ரத்தம் உறையிறதுக்கு எந்த வைட்டமின்னு வந்துச்சு. ரத்தம்னதுமே பயமாயிருச்சு. நீங்க கே-ன்னீக. நான் சி-யப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அது ரெண்டும் நீங்க சொன்னதுதான் சரியாக்கா?" என்று கேட்டாள்.

காலையில் எனக்குள் பேசிய அந்தக் குரல் மறுபடி வந்தது. தெரியாது என்று சொல்லிவிடு, பிறகு தெரிந்துகொள்ளட்டும் என்றது.

"சரிதான்மா" என்றேன். "ரெண்டும் நான் சொன்னதுதான்."

அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். குரல் செய்தி மூன்று வாரமாக என்னிடம் கிடந்ததையும், அந்த மனிதருக்கு நான் வைத்த பெயரையும் சொன்னேன். அவள் புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்து, இருதயப் பக்கத்தைத் திறந்து, தேர்வெழுதிய கறுப்புப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே திருத்துங்கக்கா."

அவள் ஸ்கேல் வைத்து அடித்ததை நான் ஒவ்வொன்றாக அடித்து, மேலே மிச்சமிருந்த இடத்தில் 'வலது' என்றும் 'இடது' என்றும் எழுதினேன். ஒரே இடத்தில் அச்சு, அவள் எழுத்து, என் எழுத்து. முடிக்கும்வரை பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புத்தகத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

முடிவு வந்தபோது அவளுக்குக் கிடைக்கவில்லை. எவ்வளவில் போனது என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த இரண்டு கேள்வியில் போய் நிற்குமோ என்ற பயம். அவளாகவும் சொல்லவில்லை. மகளின் டி.சி. வாங்கிக்கொண்டு, கணவரிடம் பேசிவைத்தபடி மூட்டையைக் கட்டித் திருப்பூர் போய்விட்டாள். போகிற அன்று சொல்லிக்கொள்ள வந்தாள். கையில் ஆச்சி கொடுத்துவிட்ட சீடைப் பொட்டலம். "கோவமாம்மா?" என்று கேட்டேன். "இருக்குக்கா" என்றாள். அப்படிச் சொன்னதற்காக அவளை எனக்கு இன்னும் பிடித்தது.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் பீரோவைப் புடவை எடுக்க மட்டும்தான் திறந்தேன். குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுபடி ஆரம்பித்தபோது எல்லாப் பாடத்தின் தொடக்கத்திலும் ஒரே பேச்சைப் பேசினேன். இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறேன்: "கேட்டு முடிச்சதும் புத்தகத்தைத் திறந்து பாருங்க. நான் சொன்னதும் புத்தகமும் வேற வேறயா இருந்தா, புத்தகத்தைத் திருத்தாதீங்க. என்னைத் திருத்துங்க."

ரத்தப் பரிசோதனைக் கூடத்து மனிதரின் பெயரைப் போனில் ஒழுங்காக மாற்றி எழுதினேன். ஒவ்வொரு பாடமும் இப்போது முதலில் அவருக்குப் போகிறது. குக்கர் சத்தத்தைப் பற்றி இன்னும் குறை சொல்கிறார்.

போன மாதம் ஒருநாள் காலை, காப்பி கலந்துகொண்டிருந்தபோது புது எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கையைக்கூடத் துடைக்காமல் திறந்தேன். பின்னால் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடின. கத்தித்தான் பேசினாள்.

"அக்கா, டச் போனு வாங்கிட்டேன். இங்கயும் காது சும்மாத்தான் இருக்கு. அடுத்த வாட்டி இங்கேருந்தே எழுதுவேன். நேத்துப் பாடத்துல நாலாவது நிமிசத்துல ஒன்னு தப்பாச் சொன்னீக. புத்தகத்தப் பாத்துட்டேன்."

அடுப்பை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.